செகண்ட்ஸ் எஞ்சின் மாற்றிய ஆம்னி ஐட்லிங்கில் குலுங்குகிறது. எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

நீங்கள் சொல்வது இதுதானே: தங்கச்சிமடத்தில் மீன் பெட்டி ஏற்றும் எம்.பி.ஐ (இஞ்செக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை) ஆம்னி. பழைய எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது இறுகிப்போய், மதுரையில் செகண்ட்ஸ் எஞ்சின் வாங்கி மாட்டியாயிற்று. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐட்லிங்கில் வண்டியே குலுங்குகிறது. ஹெட்லைட் போட்டால் இன்னும் மோசம். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. மாட்டியவர் "எஞ்சினே சரியில்லை" என்கிறார், விற்றவர் "ஓட விட்டுக் காட்டித்தானே கொடுத்தேன்" என்கிறார்.

அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உச்சிப்புளிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் மாற்றிய கையோடு மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடுவது) என்று வருகிற வண்டிகளில், எஞ்சினுக்கு உள்ளே கோளாறு இருப்பது குறைவு. உங்கள் வண்டியும் வந்த எஞ்சினும் சேருகிற இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும்: எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), ஏர் லீக், சென்சார் கனெக்டர், மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்). ஆனால் இதை நான் சொன்னேன் என்று விற்றவரிடம் போய்ப் பேச முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் சொல்ல வேண்டும். அதனால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, இஞ்செக்டர், காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். 150 பி.எஸ்.ஐ-க்கு மேல் வந்து, மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் 15-க்குள் இருந்தால் எஞ்சினைக் குறை சொல்ல வழியில்லை. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்பட வேண்டும். மூன்றும் ஒரே அளவில் குறைவு என்றால் அப்போதும் எஞ்சினைத் திட்டாதீர்கள், முதலில் டைமிங் பெல்ட்டைத் திறந்து பாருங்கள். மாட்டும்போது புது பெல்ட் போட்டிருப்பார்கள், ஒரு பல் தள்ளி விழுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். பிக்கப்பும் இருக்காது.

விற்றவரிடம் பேச இந்த எண்கள் போதும். கேஜைக் காட்டி ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் சரியாக இருந்தால், ஓடுகிற எஞ்சினில் இஞ்செக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். அதில் காயில் அடிபடும், எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று நின்றால் வண்டி நடுங்குவது சீட்டிலேயே தெரியும். எந்தக் கனெக்டரைக் கழற்றும்போது எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிளக், வயர், இஞ்செக்டர் என்று அங்கே மட்டும் பார்த்தால் போதும். மாதக்கணக்கில் கிடந்த எஞ்சினில் இஞ்செக்டர் பிசுக்குப் பிடித்திருக்கும். உங்கள் பழைய எஞ்சினின் இஞ்செக்டர்கள் அதே வகைதான் என்றால் அவற்றை மாற்றிப் போட்டுப் பார்க்க காசு செலவில்லை. மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்து, அப்படியும் குலுங்கினால் கோளாறு பொதுவான இடத்தில் என்று அர்த்தம்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான். காரணம் அந்த ஹெட்லைட். லைட் போட்டதும் ஆட்டம் கூடுகிறது என்றால் கரண்ட் திரும்பிப் போக ஒழுங்கான வழி இல்லாமல் இருக்கலாம். எஞ்சினை இறக்கும்போது பிளாக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கிற எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றுவார்கள். ஏற்றும்போது அதை மறந்துவிடுவார்கள், அல்லது பெயின்ட் மேலேயே போல்ட் போட்டுவிடுவார்கள். அப்புறம் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாயும். அந்தக் கேபிள் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள்.

இது நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய கோளாறு. மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் இரண்டு பக்கம் இருக்கிற ஊர், ஆடி மாதக் கச்சான் காற்றில் கண்ணாடியைத் துடைத்த துணியிலேயே உப்புக் கரிக்கும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்புத்தண்ணீர்தான், அது தரையில் ஓடி அடியிலிருக்கும் வயரிங்கில் இறங்கும். தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு ஆம்னியில் எர்த் வயர் வெளியில் புதுசு போல இருந்தது. வயர் நுனியில் போல்ட் மாட்டுகிற லக் பக்கத்தில் மட்டும் உறை லேசாக உப்பியிருந்தது. பிளேடால் கீறினால் உள்ளே தாமிர இழை ஒன்றுகூடச் செம்பு நிறத்தில் இல்லை, எல்லாம் பச்சைப் பொடி. அதற்கு முன்பு அந்த வண்டிக்கு பிளக், காயில், சென்சார் என்று வரிசையாக மாற்றியிருந்தார்கள். வயரையும் லக்கையும் மாற்றிய பிறகு சீராக ஓடியது.

இதற்கு மல்டிமீட்டர் போதும். டி.சி 20 வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும், இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்திலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2-ஐ ஒட்டி இருந்தால் பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது. போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, புது வயர் போட்டு, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். சென்சார் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்களைப் பாருங்கள்.

எர்த் சரி என்றால் அடுத்தது ஏர் லீக். இன்டேக் மேனிஃபோல்ட் பேக்கிங்கைப் பழையதையே போட்டிருந்தால் அங்கே உறிஞ்சும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், சின்ன வேக்குவம் ஹோஸ்களின் நுனியில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். கார்பரேட்டர் க்ளீனர் அடித்துக் கண்டுபிடிப்பார்கள். ஆம்னியில் சூடான சைலன்ஸர் பைப் பக்கத்திலேயே இருப்பதால் நான் அதைச் செய்ய மாட்டேன். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை மேனிஃபோல்ட் ஓரம் லேசாகத் தெளித்தாலே சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: இது மிஸ்ஸிங்தானா, வெறும் அதிர்வா என்பதையும் பிரித்துப் பாருங்கள். சைலன்ஸர் வாயில் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். ஒரே சீராகப் படபடத்தால் எஞ்சின் ஒழுங்காகத்தான் எரிகிறது, மவுண்டிங் ரப்பர் செத்திருக்கும். இடையிடையே நின்று நின்று அடித்தால் மிஸ்ஸிங். காகிதத்தை உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம், அதைக் கம்ப்ரஷன் கேஜும் காட்டிவிடும்.

செக் எஞ்சின் விளக்கு எரியாததை நம்பாதீர்கள். இக்னிஷன் போட்டதும் ஒரு தடவை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கும், இல்லை பிடுங்கியிருப்பார்கள்.

கம்ப்ரஷன் உண்மையிலேயே மோசமாக வந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். வைத்துக்கொள்வதானால் பில்லோடு ராமநாதபுரம் ஆர்.டி.ஓ-வுக்குப் போய் ஆர்.சி-யில் புது எஞ்சின் எண்ணைப் பதிந்துவிடுங்கள். எண் பொருந்தாத வண்டி எஃப்.சி (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் சிக்கும், நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கும்.