ரிசர்வ் வங்கி ஆளுநர் பேச்சை நம்பி டாப்-அப் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வட்டி இப்போதைக்கு ஏறாது என்று நம்பி 2021இல் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். பிறகு ஏறிவிட்டது. இப்போது என் மைத்துனர் தன் கடைக்காக என் பெயரில் 8 லட்சம் டாப்-அப் கடன் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) எடுக்கச் சொல்கிறார். தவணையை அவரே கட்டுவாராம். "ஆளுநர் பேச்சைக் கேட்டீர்களா மாமா, வட்டி இன்னும் குறையும்" என்கிறார். மறுத்தால் மனைவி வருந்துவாள்.

பதில்: ஒரே பள்ளத்தில் இரண்டாம் முறை கால் வைக்கப் போகிறீர்கள். 2021இல் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதம். வளர்ச்சி மீளத் தேவைப்படும் வரை தளர்வான நிலைப்பாடு (வட்டியைத் தாழ்வாக வைக்கும் போக்கு) தொடரும் என்றது ரிசர்வ் வங்கி. 'தேவைப்படும் வரை' என்ற நிபந்தனை நம் காதில் விழவில்லை. 2022 மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத கூட்டம் போட்டு 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் அது 6.50.

ஆளுநரின் பேச்சே ஒரு கருவி. வட்டி தாழ்ந்தே இருக்கும் என்று சந்தை நம்பிவிட்டால், ரெப்போவைத் தொடாமலே நீண்டகாலக் கடன்களின் வட்டி இறங்கும். அதற்காகத்தான் சொல்லை அளந்து பேசுகிறார்கள். நிலைமை மாறினால் சொல்லும் மாறும். ஆஸ்திரேலிய மத்திய வங்கி 2024 வரை வட்டி உயர வாய்ப்பில்லை என்றது. 2022 மே மாதமே உயர்த்தியது. நம்பிக் கடன் வாங்கியவர்களிடம் ஆளுநர் பிலிப் லோ அதே ஆண்டு நவம்பரில் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே 2025 ஜூன் 6 அன்று ரெப்போ அரை சதவீதம் குறைந்தது. அன்றே நிலைப்பாடு 'நடுநிலை' ஆனது, அதாவது அடுத்து வட்டி ஏறலாம், இறங்கலாம். இனி வட்டி அதிகம் குறையாது என்று சந்தை எண்ணியதால், அந்த ஒரு சொல்லுக்கு நீண்டகால அரசுப் பத்திரங்களின் விலை இறங்கியது.

கணக்குக்கு வருவோம். 8 லட்சம், 15 ஆண்டு, 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 8,100 ரூபாய். வட்டி அரை சதவீதம் குறைந்தால் மிச்சம் மாதம் 230 சொச்சம். கடை ஓடாவிட்டால் உங்கள் தலையில் விழுவது முழு 8,100, அதுவும் 180 மாதம். பதினான்கரை லட்சம்! அதற்கும் ஈடு உங்கள் வீடுதான்.

கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். சேமிப்பிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை மைத்துனருக்குக் கொடுங்கள். பழைய கடனுக்கு வட்டி குறையும்போது தவணையைக் குறைக்காமல் மாதங்களைக் குறைக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.