மாதவிடாய்க்கு முந்தைய வாரம்: அது திமிர் இல்லை தோழி

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே எரிச்சல், அழுகை, அறைத்தோழியிடம் சண்டை, ரத்தப்போக்கு தொடங்கியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இதைத் திமிர் என்கிறார்களாம். இல்லவே இல்லை, கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன்கள் ஏறி இறங்குவதற்குச் சிலருடைய மூளை கொஞ்சம் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது, அவ்வளவுதான். முதலில் இரண்டு மாதம் நாட்காட்டியில் தினமும் மனநிலை, தூக்கம், வலி எல்லாம் குறித்து வையுங்கள், மருத்துவர் உறுதிசெய்ய அதைத்தான் கேட்பார். அப்புறம் காபி, ஊறுகாயைக் குறைத்து மாலையில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். கால்சியம் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. வகுப்புக்கே போக முடியவில்லை என்றால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுக்கும் மாத்திரைகூட உண்டு. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.