கூடுதலாகக் கொடுத்த 50 மில்லி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 24 வயது. பி.காம். படித்தவள், மருத்துவப் பயிற்சி கிடையாது. ஆண்டவரின் அழைப்பு என்று நம்பி, சபை வழியாக ஆப்பிரிக்காவிலுள்ள மலாவியில் மங்கோச்சி பக்கம் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு 3 மாத ஊழியத்துக்கு வந்திருக்கிறேன். இன்று 9-ஆம் நாள். நாலாம் நாள் ராத்திரி, கால்களெல்லாம் வீங்கிய 6 கிலோ குழந்தை ஒன்று 50 மில்லி பாலைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழுதது. மனசு கேட்காமல் இன்னொரு 50 மில்லி கொடுத்துவிட்டேன். பொறுப்பு நர்ஸ் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் மறுநாள் விடியற்காலையில் பக்கத்துக் கட்டில் குழந்தை இறந்துவிட்டது. அதன் அம்மாவின் கையைப் பிடித்து ஜெபிக்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பயங்கரக் கனவுகள், படபடப்பு. ஞாயிறுதோறும் போடும் மலேரியா மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. ஊரில் ஜெபக்குழு சனிக்கிழமைதோறும் சாட்சியும் போட்டோவும் கேட்கிறது. என்ன எழுதுவது? அழைப்பு என்று நான் நினைத்ததே தப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. வாரம் ஒன்று என்றால் அது மெஃப்ளோகுயினாக இருக்க வாய்ப்பு அதிகம். கொடுங்கனவு, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் அதன் பக்கவிளைவுகள். பெரும்பாலும் முதல் சில மாத்திரைகளிலேயே தலைகாட்டும். அட்டையில் பெயரைப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கு முன் அங்குள்ள மருத்துவரிடம் கனவுகளைப் பற்றிச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போலத் தினமும் போடும் மாற்று மருந்துகள் உண்டு. நீங்களாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மலாவியில் மலேரியா வருஷம் முழுக்க உண்டு. விசுவாசக் குறைவு என்று நீங்கள் எண்ணி அழுவதில் ஒரு பங்கு மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.

அடுத்தது பால். நீங்கள் செய்தது தவறுதான். உங்களுக்குக் கொடுமையாகத் தெரிந்த அந்த 50 மில்லி, கணக்குப் போட்டு வந்தது. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் கொடுக்கும் பால் எஃப்-75. கடுமையான வீக்கம் என்றால் அது கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி. 6 கிலோவுக்கு 600. அதை இரண்டு மணிக்கொரு தரம், 12 வேளை. வீக்கம் குறைவென்றால் கிலோவுக்கு 130. நெடுநாள் பட்டினியில் இதயமும் சிறுநீரகமும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் உயிரைப் பிடித்துவைத்திருக்கும். திடீரென்று நிறைய உணவு வந்தால் ரத்தத்திலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் செல்களுக்குள் போய்விடும்; உப்பும் நீரும் தேங்கும்; இதயம் திணறும். அதிர்ச்சி நிலைக்கு (ரத்த ஓட்டம் குலைந்துபோகும் நிலை) போகாத குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றாததும் இதற்காகத்தான். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பிறகே அங்கே சிபொண்டே என்று சொல்லும் வேர்க்கடலைப் பசை. அதில் 92 கிராம் பொட்டலம் ஒன்றுக்கு 500 கலோரி. அதுவரை அழுகை கேட்கத்தான் செய்யும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே கடினமான வேலை.

பக்கத்துக் கட்டில் மரணத்துக்கும் உங்கள் 50 மில்லிக்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அட்மிட் ஆன முதல் சில நாட்கள்தான் கண்டம், அதிலும் இரவு. ஒரு வேளைப் பால் தவறினால், போர்வை விலகினால், ரத்தச் சர்க்கரையும் உடல் சூடும் இறங்கிவிடும். பயிற்சியில்லாதவரின் கைக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் அம்மாவையோ, அகோகோவையோ (பாட்டியை அங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள்) எழுப்புங்கள். பாட்டில் வேண்டாம், கோப்பையில் கொடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு குடித்தது, எவ்வளவு வாந்தி எடுத்தது என்று எழுதுங்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். தலைக்குக் குல்லா, தாயின் மார்போடு தோல்பட அணைத்து மேலே துணி. அக்குள் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனாலோ, பிள்ளை சோர்ந்து பாலை மறுத்தாலோ, மூச்சு வேகமானாலோ உடனே நர்ஸ்.

கையை இழுத்துக்கொண்ட தாய் உங்களை வெறுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மங்கோச்சியில் பெரும்பாலோர் யாவோ இனத்து முஸ்லிம்கள். எந்த மதத்தவரானாலும், கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. “பெபானி” (அவர்கள் பேச்சில் ‘வருந்துகிறேன்’) என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். “கடவுள் சித்தம்” வேண்டாம். ஜெபம் உங்கள் அறையில் இருக்கட்டும்.

ஜெபக்குழுவுக்கு ஒரே வரி: “நோயாளிகளின் போட்டோ அனுப்ப முடியாது.” சாட்சி என்றாலே வெற்றிக் கதை வேண்டுமென்று நம் சபைகளில் ஒரு பழக்கம், ஒன்பதாம் நாளில் அது யாரிடமும் இருக்காது. அழைப்பைப் பற்றிய கேள்வியைப் போதகரிடம் கேளுங்கள், ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு.

ஒரு மரணத்தைப் பார்த்த பின் சில வாரம் தூக்கம் கெடுவது இயல்பு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்படி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். நீங்களே ஒருவரைத் தேர்ந்து, சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே குழுத் தலைவரிடம் சொல்லி ஊர் திரும்புங்கள்.

நாளைக் காலை, ஷிப்ட் மாறும் பரபரப்பு அடங்கியதும் அந்த நர்ஸிடம் போங்கள். “கணக்கு தெரியாமல் கொடுத்துவிட்டேன். இனி கேட்காமல் கொடுக்க மாட்டேன். பால் அளக்கவும் அட்டையில் எழுதவும் சொல்லிக்கொடுங்கள்” என்று கேளுங்கள்.