நில அளவையாளர் சங்கத்தில் சேருவதால் உண்மையில் என்ன பயன்?

“இப்போதுதான் தொழில் உரிமம் கிடைத்திருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தனியாகத் தொழில் தொடங்கப்போகிறேன், நில அளவையாளர் சங்கத்தில் சேருமாறு மூத்தவர்கள் வற்புறுத்துகிறார்கள், நாட்குறிப்பையும் ஆண்டு விருந்தையும் தவிரச் சந்தாப் பணத்துக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்குறிப்பு கிடைக்கும், பெரும்பாலும் மாசி மாதத்தில். விருந்தும் கிடைக்கும். இந்த இரண்டுக்காகவும் யாரும் சேர வேண்டியதில்லை என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

நீங்கள் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, யாரேனும் ஒருவரிடம் சில காலம் வேலை பார்த்துவிட்டு, கடன் பட்டு ஒரு டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) வாங்கியிருப்பவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி உங்களைப் பதிவு செய்வதும், ஆண்டுதோறும் தொழில் உரிமத்தைப் புதுப்பித்துத் தருவதும் நில அளவைச் சபையின் வேலை. சங்கம் என்பது நாமாகக் கூடி வைத்துக்கொண்ட அமைப்பு. அதில் சேராவிட்டால் உங்கள் கையெழுத்துச் செல்லாமல் போகாது; சேர்ந்துவிட்டால் உரிமம் சுலபமாகப் புதுப்பிக்கப்படும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

சங்கத்தின் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருக்கும் நன்மைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும். கருவிகளைக் கொழும்புக்கு அனுப்பிச் சரிபார்ப்பதற்குப் பலர் சேர்ந்து ஒரே தடவையில் அனுப்பினால் செலவு குறையும், வழியில் கருவி உடைவதும் குறையும். பரிந்துரைக்கப்பட்ட கட்டணப் பட்டியல் ஒன்று உண்டு. அதை எல்லோரும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், யாரும் அதன்படி வாங்குவதில்லை. பாரிஸில் 1878 இல் தொடங்கப்பட்ட அனைத்துலக நில அளவையாளர் கூட்டமைப்பின் மாநாடுகளைப் பற்றிய அறிவித்தல்கள் வரும். கோலாலம்பூரில் 2014 இல் அதன் மாநாடு நடந்தபோது எங்களவர் சிலர் போய்வந்தார்கள். அங்கு எடுத்த புகைப்படங்களை அடுத்த கூட்டத்தில் பார்த்தோம், அங்கு கேட்ட உரைகளைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நான் சந்தாவை நிறுத்தாமல் கட்டிவருவதற்குக் காரணம் வேறு. அந்தப் பிரசுரத்தில் அது இடம்பெறவே இல்லை.

உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர் அளந்த காணிகளின் படங்களும் வெளிக்களப் புத்தகங்களும் அவருடைய வீட்டிலேதான் இருக்கும். அவர் தொழிலை விடும்போது அல்லது காலமாகும்போது இன்னொரு நில அளவையாளர் அவற்றைப் பொறுப்பேற்றுக்கொண்டு, தேவைப்படுவோருக்கு உண்மைப் பிரதி வழங்குவது நமது தொழிலின் பழைய வழக்கம். யாராவது பொறுப்பேற்றால்தான் அது நடக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், தகரப் பெட்டிகள் அறையின் மூலையில் கிடந்து கறையானுக்குப் போகும். எங்கள் மாவட்டத்தில் 1995 ஐப்பசி மாத இடப்பெயர்வில் போனவை அதைவிட அதிகம். ஆகவே, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வரையப்பட்ட ஒரு படத்தைத் தேடும்போது, அந்த நில அளவையாளரின் பதிவுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன, இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வியாகிறது. அதற்கான விடை எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு மூத்தவர் தாமாகவே கைப்பட எழுதி வைத்திருந்த கொப்பியில் இருந்தது: காலமானவரின் பெயர், அவர் தொழில் செய்த ஆண்டுகள், பெட்டிகள் எவர் வீட்டில், அவற்றில் எந்த ஆண்டுகள் அழிந்துபோயின.

இது ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று நீங்கள் நினைக்கலாம். வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் 2015 க்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, அங்கு ஒரு காணியின் எல்லையை மீள நிறுத்தித் தரும் வேலை என்னிடம் வந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, கவனமாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். உறுதியில் பரப்பு 4 குழி 9 என்று இருந்தது. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, ஆக 45 பேர்ச், ஏறத்தாழ 1,138 சதுர மீற்றர் என்பதைத் தாளில் கணக்கிட ஒரு நிமிடம் போதும். தரையில் அந்த 45 பேர்ச் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை. வீடு இல்லை, கிளுவை வேலி இல்லை, உறுதியில் கிழக்கு எல்லையாக எழுதப்பட்டிருந்த ஒழுங்கை இருந்த இடத்தில் புல்டோசர் தள்ளிய செம்மண் மேடு இருந்தது. கிணறு மட்டும் இருந்தது, கட்டு உடைந்து, உள்ளே ஆலங்கன்று முளைத்து.

“கிணறு எங்கட காணிக்குள்ளதான் தம்பி, அவையளுக்குத் தண்ணிப் பங்கு மட்டும்தான்” என்றார் அந்த அம்மா. அடுத்த காணிக்காரர் அதற்கு முன்பே கொங்கிறீட் தூண் நட்டுக் கம்பி இழுத்திருந்தார், கிணறு தன் பக்கம் வரும்படியாக. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய உறுதியிலும் ‘கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்றுதான் எழுதியிருந்தது, கிணறு எவருடைய மண்ணில் நிற்கிறது என்று எழுதியிருக்கவில்லை.

உறுதியின் அட்டவணையில் 1962 ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் இலக்கம் குறிப்பிடப்பட்டிருந்தது. வரைந்தவர் எப்போதோ காலமாகிவிட்டார். அந்தக் கொப்பியைப் பார்த்து, அவருடைய பெட்டிகளை வைத்திருந்த ஓய்வுபெற்ற நில அளவையாளரைத் தேடிப் போனேன். அந்த ஐயா முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவே திறப்பதில்லை. காணித் தரகர்கள் பலர் வந்து தொல்லை கொடுத்திருந்தார்கள். சங்கக் கூட்டங்களில் என்னைப் பார்த்திருந்ததால் உட்காரச் சொன்னார், தேநீர் தந்தார், எந்த வழக்குக்காக என்று துருவிக் கேட்டார், பிறகுதான் பெட்டியைத் திறந்தார். மெழுகுத் துணியில் இந்திய மையால் வரைந்த படம், ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்திருந்தது. கிணற்றின் நடுவிலிருந்து காணியின் இரண்டு மூலைகளுக்கும் தூரம் லிங்குக் கணக்கில் (ஒரு சங்கிலியில் நூறில் ஒரு பங்கு) எழுதப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமாக, அதே நில அளவையாளர் பக்கத்துக் காணியையும் அளந்திருந்தார். அந்தப் படத்தில் அதே கிணறும், வீதியோரத்து மதகும் இருந்தன. மதகு இன்னும் அப்படியே இருந்தது.

கிணறும் மதகும் கையில் இருந்தால் மீதி வேலை நமக்குத் தெரிந்ததுதான். தென்மேற்கு மூலை விழவேண்டிய இடத்தைக் குறித்துத் தோண்டச் சொன்னபோது, ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில் பழைய எல்லைக் கல் சாய்ந்து கிடந்தது. கிணறு அந்த அம்மாவின் காணிக்குள்தான் இருந்தது. அடுத்த காணிக்காரர் கல்லைக் குனிந்து பார்த்தார், தன்னுடைய உறுதியும் அதே நில அளவையாளர் வரைந்த படத்தின் மேல்தான் எழுதப்பட்டது என்பதை நான் காட்டியதையும் பார்த்தார், அந்த வாரமே தூண்களைப் பிடுங்கி உள்ளே நட்டுக்கொண்டார். வழக்குப் போட்டிருந்தால் அது இன்றும் தவணை மாறிக்கொண்டிருக்கும்.

கருவியிலும் கணினியிலும் தேர்ந்த இளையவர்கள் இந்த இடத்தில் “எஸ்எல்டி 99 ஆள்கூறு இருந்தால் போதுமே” என்று, இலங்கையின் இன்றைய தேசிய ஆள்கூற்று முறையைக் காட்டிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இன்று அளக்கும் காணிக்குப் போதும். 1962 இல் அளந்த தனியார் காணிப் படத்தில் ஆள்கூறு எங்கே இருக்கிறது? பழைய திணைக்களப் படங்களில் ஆள்கூறு இருந்தாலும், பிதுருதலாகலை மலையை ஆதாரப் புள்ளியாகக் கொண்டு அங்கு 200,000 மீற்றர் என்று வைத்த பழைய ஆள்கூற்று வலையா, 500,000 என்று வைத்த புதிய வலையா என்று பார்க்க வேண்டும். பழைய படங்களின் அளவுத்திட்டமே பலருக்குத் தெரியாது. ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 792 அங்குலம். ஆகவே ஓர் அங்குலத்துக்கு ஒரு சங்கிலி என்றால் 1:792, இரண்டு சங்கிலி என்றால் 1:1584. இதை நான் பட்டப்படிப்பில் கற்கவில்லை, சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கு ஒன்றில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டக் கற்றுக்கொண்டேன். அன்று வந்திருந்தவர்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிவிடலாம்.

நீங்கள் நீதிமன்ற வேலைகளையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ், பலருக்குப் பங்குள்ள காணியை அளக்கும்படி முதல் நீதிமன்ற ஆணை கைக்கு வரும்போது, அளப்பது மட்டும் வேலையல்ல என்பது புரியும். காணியில் பறை அடித்து அறிவிக்க வேண்டும். முறைப்பாட்டில் சொன்ன காணியும் நீங்கள் அளந்த காணியும் ஒன்றுதானா என்று அறிக்கையில் எழுத வேண்டும். கட்டடங்களையும் மரங்களையும் யார் யார் உரிமை கோரினார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். வேலியோரத்துப் பனைக்கு மூன்று பேர் உரிமை கோருவார்கள், அவர்களில் ஒருவர் வழக்கில் எதிராளியாகவே இருக்கமாட்டார். சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணையின்போது அந்தப் பனையில்தான் சட்டத்தரணி பிடிப்பார். என்னுடைய முதல் அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பும் முன் சங்கத்து மூத்தவர் ஒருவர் வரி வரியாகப் படித்துத் திருத்தித் தந்தார், ஒரு சதமும் வாங்கவில்லை.

இரண்டு நில அளவையாளர்களின் படங்கள் ஒன்றோடொன்று மோதும்போது, பின்னால் அளந்தவர் முன்னால் அளந்தவரைத் தொலைபேசியிலாவது கேட்டுவிட்டே கல்லை மாற்ற வேண்டும் என்பதும் எங்களுக்குள் எழுதாத ஒழுங்கு. சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களோடு இது நடப்பதில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவரை அழைத்து “உங்கள் படத்தில் ஏதோ இடிக்கிறது” என்று சொல்ல எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால், நான் ஏதோ செயற்குழுவில் இருக்கிறேன் என்று கீழே யாராவது எழுதக்கூடும். எந்தப் பதவியிலும் நான் இருந்ததில்லை. எனக்கும் மனத்தாங்கல் உண்டு. பெரும்பாலான பயிற்சிப் பட்டறைகள் கொழும்பில்தான் நடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தில் போய், காலையில் முகம் கழுவிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்து, மறுபடியும் இரவுப் பேருந்தில் திரும்பி, அடுத்த நாள் காணியில் நிற்க வேண்டும். கொழும்பில் இருப்பவர் மதிய உணவுக்கு வீட்டுக்கே போய்வருவார், சந்தா இருவருக்கும் ஒன்று. சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வரும், கூட்டத்தில் சூடான விவாதம் வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடும், தமிழில் ஒரு பக்கமாவது தாருங்கள் என்று கேட்டால் “மொழிபெயர்க்க ஆள் இல்லை” என்பார்கள். மொழிபெயர்த்துத் தருகிறோம் என்று நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இணையவழியில் கூட்டம் நடத்தத் தொடங்கிய பிறகு பயணத் தொல்லை ஓரளவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டணப் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் வேலை பிடிப்பதற்காகப் பாதி விலைக்கு அளக்கிறார்கள் என்று மூத்தவர்கள் கூட்டந்தோறும் குறைப்படுவார்கள். ஆனால் புதியவருக்கு யார் முதல் வேலை தருவது என்று எவரும் பேசுவதில்லை. உங்கள் கேள்வியில் இருந்த கசப்பு இதிலிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன், அது நியாயமானது.

ஆகவே சேருவதானால், மாவட்டக் கிளை உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைமையகத்துக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வீட்டில் இருந்தால் உங்களுக்கு நாட்குறிப்புத்தான் மிஞ்சும். கடைசியாகக் கிளைக் கூட்டம் எப்போது நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் ஓய்வுபெற்றவர்கள் யாராவது உண்டா என்று கேளுங்கள். நான் சொன்ன அந்தக் கொப்பியை எழுதியவருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. அதைக் கணினியில் ஏற்ற ஓர் இளையவர் வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் கேட்டுக்கொண்டார், கை தூக்கியவர் எவரும் இல்லை. நீங்கள் சேர்ந்தால் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செய்து முடிக்கும்போது, மாவட்டத்தில் எந்தக் காணியின் பழைய படத்துக்கு எவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எங்கள் எல்லோரையும்விட உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.