அம்மா காலத்துக்கப்புறம் தம்பி எங்கே இருப்பான்?

கேள்வி: என் தம்பிக்கு 46 வயது, டவுன் சிண்ட்ரோம். பேச்சு குழறும், மற்றபடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வான். விடியலில் கரைக்குப் போய் வலையிலிருந்து மீன் கழித்துக் கொடுப்பான், கைச்செலவுக்குக் காசும் குழம்புக்குக் காரலோ சூடையோ கொண்டுவருவான். கொஞ்ச நாளாகச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, கரைக்கும் போவதில்லை. தங்கச்சிமடத்தில் அவனோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது, முட்டிவலி. வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். ஏர்வாடியில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: இடத்தை அப்புறம் பார்ப்போம் சகோதரி, முதலில் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் நாற்பது, ஐம்பது வயதிலேயே வரக்கூடும் என்பது உண்மை. அவர்களுக்கு மூன்றாக இருக்கும் 21-வது குரோமோசோமில்தான் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணுவும் இருக்கிறது. ஆனால் அந்த முடிவுக்கு இப்போதே வந்துவிடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காது கேட்காமல் போயிருக்கலாம். இவர்களுக்குக் காதுக்குழாய் குறுகல் என்பதால் குரும்பி அடைத்துக்கொள்வதும் சாதாரணம். பொத்தான் மாறுகிறதென்றால் கண்புரையா என்று பார்க்க வேண்டும். சோர்ந்து வீட்டிலேயே கிடக்கிறார் என்றால் தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு என்று எத்தனையோ இருக்கிறது, இதில் பலவும் சரிசெய்யக்கூடியவை. "இவங்க அப்படித்தாம்மா இருப்பாங்க" என்று டாக்டரே சொன்னாலும் விடாதீர்கள், முன்பு என்னென்ன செய்தார், எது எப்போது நின்றது என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

ஏர்வாடி யோசனையை விட்டுவிடுங்கள். தர்காவுக்குப் போய் வருவது அவரவர் நம்பிக்கை, அதில் எனக்குப் பேச்சில்லை, ஆனால் தம்பிக்கு இருப்பது பிறவியிலேயே உள்ள அறிவுசார் குறைபாடு, மனநோய் இல்லை, தங்க வைத்துக் குணப்படுத்த அதில் ஒன்றும் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்துச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2017-ம் வருட மனநலச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்லமாட்டேன், நாளைக்குப் பாரம் யார் தலையில் விழும் என்ற கவலை அவருக்கும் இருக்கும்தானே. ஆனாலும் தங்கச்சிமடத்துக் கரையில் தம்பியைத் தெரியாதவர் இருக்கமாட்டார், வலை கழிக்கும் இடத்தில் உட்கார அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது, நாற்பத்தாறு வருடமாகச் சேர்த்த அந்தப் பழக்கத்தை எந்த விடுதியும் தரமுடியாது. ஞாபகம் மங்கத் தொடங்கியிருந்தால் தெரிந்த வீட்டையும் முகங்களையும் விட்டுப் பிரிப்பது அவரை இன்னும் குழப்பும். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, இன்ன இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆகவே அவரிடமும் கேளுங்கள், பேச்சு குழறினால் என்ன, பிடித்தது பிடிக்காததைக் காட்டத் தெரியாதா!

ஊரிலேயே இருக்க என்ன செய்யலாம் என்றால், சம்பளத்துக்குக் காலையும் மாலையும் வந்துபோக நம்பகமான ஓர் அக்காவை ஏற்பாடு செய்யுங்கள், அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்போதே. குளிக்க எப்படிக் கூப்பிட்டால் வருவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார் என்பதெல்லாம் இப்போது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அதை அந்த அக்கா பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகவேண்டும். மாதத்தில் இரண்டு நாள் அம்மாவை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு, தம்பி அங்கேயே அந்த அக்காவோடு இருந்து பார்க்கட்டும். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு போகாது, கரையில் வேலை குறையும். அந்த இரண்டு மாதத்துக்குப் பொழுதுபோக வேறு ஏதாவது பிடித்துவைக்க வேண்டும், சும்மா உட்கார்ந்தால் தளர்ந்துவிடுவார். இதெல்லாம் நடக்காமல் போய் வெளியிடம்தான் கதி என்றாலும் நூறு பேர் படுக்கும் கூடம் வேண்டாம், நாலைந்து பேர் ஒரு வீட்டில் உதவியாளரோடு குடும்பம்போல இருக்கும் குழு இல்லமாகத் தேடுங்கள்.

காகித வேலைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா, அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, வயது வரம்பு கிடையாது, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனையும் கிடையாது.

கேள்வி: என் காக்காவுக்கும் (அண்ணன்) இதேபோல அறிவுசார் குறைபாடு. வாப்பா தன் வீட்டைக் காக்கா பெயரில் வஸியத்து (உயில்) எழுதிவிட்டால் போதுமா? எங்களில் யாராவது அவருக்குக் கார்டியன் (சட்டப்படியான பாதுகாவலர்) ஆனால் அந்த வீடு கார்டியனுக்குச் சொந்தமாகிவிடுமா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: சொந்தமாகாது. 1999-ம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் கார்டியனை நியமிக்கும். அவர் ஆறு மாதத்துக்குள் காக்காவின் சொத்துப் பட்டியலைக் கொடுக்கவேண்டும், வருடாவருடம் கணக்கும் கொடுக்கவேண்டும், கையாடினால் நீக்கலாம். ஆனால் வஸியத்து மட்டும் போதாது. இஸ்லாமியச் சட்டப்படி வாரிசுக்கு உயில் எழுதுவது மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வாப்பா இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) வீட்டைக் கொடுத்து, அதன் கைவசத்தையும் ஒப்படைத்துவிடலாம். காக்கா தரப்பில் யார் பெற்றுக்கொள்வது என்ற கேள்வி அப்போது வரும், அதனால் கார்டியன் நியமனத்தை முதலில் முடியுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது உம்மாவையும் மற்ற பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிப் போங்கள்.