கடைசியாகக் கையெழுத்துப் போடுங்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு 38 வயது. மொத்தம் எட்டு வீடு. இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் தளம் (ஸ்டில்ட்) போட்டு மேலே ஐந்து மாடி கட்டித் தருகிறேன் என்கிறார் பில்டர். கீழே மளிகைக் கடை, வாசல் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி, இரண்டும் போய்விடும். மனசு கேட்கவில்லை. சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை-33

பதில்: சம்மதியுங்கள் சகோதரி, ஆனால் கையெழுத்தைக் கடைசியாகப் போடுங்கள். கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. 2022-ம் வருட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். எட்டில் ஆறு பேர். நீங்கள் தனியாக மறுத்தால் எதுவும் நிற்காது. இன்னும் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டால் பேரம் பேசலாம்.

எதைப் பேசுவது? மாடி எத்தனை என்பதை விடுங்கள், தரைத்தளத்தைப் பேசுங்கள். நான் பிறந்த மயிலாப்பூர் வீட்டில் திண்ணை இருந்தது. கீரைக்காரம்மா கூடையை இறக்கி, மோர் குடித்து, ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவார். இன்று அதே இடத்தில் இரும்பு கேட், உள்ளே நாலு கார். அந்த வாசலில் யாரும் நிற்பதில்லை.

பில்டர்மேல் மட்டும் குற்றமில்லை. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குக்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2, ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 4,800 சதுர அடி கட்டலாம். கார் நிறுத்தும் ஸ்டில்ட் இந்தக் கணக்கில் வராது, கடை கட்டினால் வரும். கடைக்குப் போகும் அந்தச் சதுர அடியையும் வீடாக்கி விற்கத்தான் அவர் பார்ப்பார்.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். தெருப்பக்கம் 150 சதுர அடியில் ஒரு கடை. அது சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், வாடகை பராமரிப்புச் செலவுக்கு ஆகும். அனுமதி கிடைக்குமா என்று வரைபடம் போடும்போதே விசாரியுங்கள். காம்பவுண்டு சுவர் ஆள் உட்காரும் உயரத்தில், அகலமாக வரட்டும். அதுதான் இந்தக் காலத்துத் திண்ணை. புங்க மரம் வரைபடத்தில் இருக்க வேண்டும். எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரட்டும்.

இஸ்திரிக்காரரிடம் தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். 2014-ம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கும் உண்டு. இல்லையென்றால் மாநகராட்சியில் விண்ணப்பிக்க நீங்களே கூடப் போங்கள்.

கட்டி முடிக்கும்வரை அவர் வண்டி எங்கே நிற்கும்? எதிர் வீட்டு வாசலில் நிழல் இருந்தால், அந்த வீட்டாரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.