ரிப்போர்ட் பட்டன் வேறு, சட்டப்படியான புகார் வேறு

கேள்வி: வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறேன். இரண்டு நாள் முன்பு கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். என் முகத்தை ஒட்டிய ஆபாசப் படத்தை அதிலேயே போட்டு, வாடிக்கையாளர்களிடம் என் பெயரில் பணமும் கேட்கிறார்கள். ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். டெலிகிராமில் ஒருவர் 8,000 ரூபாய்க்கு மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படி மீட்டுத் தருவதாகச் சொல்பவர்கள், இன்ஸ்டாகிராம் நிறுவனத்துக்குள் ஆள் இருக்கிறது என்பார்கள். முன்பணம் வாங்குவார்கள், பிறகு ஓ.டி.பி. கேட்பார்கள், 'ஆதார் நகல் அனுப்புங்க மேடம்' என்பார்கள். அந்த ஓ.டி.பி. போனால் மின்னஞ்சலும் போய்விடும். ஆதார் நகலை வைத்து அடுத்த மோசடி நடக்கும். நீங்களே செய்ய முடியாத எதையும் அவர்கள் செய்யப்போவதில்லை.

முதலில் உங்கள் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு அதில் தேடுங்கள்: கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாக இன்ஸ்டாகிராம் அனுப்பிய அறிவிப்பு இருக்கும். மாற்றத்தை ரத்து செய்யும் இணைப்பு அதிலேயே உண்டு. அது வேலை செய்யாவிட்டால், லாகின் திரையில் உதவி கேட்டு, ஹேக் ஆனது என்பதைத் தேர்ந்தெடுங்கள். முகத்தை நாலு பக்கமும் திருப்பி வீடியோ செல்ஃபி எடுக்கச் சொல்வார்கள்.

இங்கே உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல். கணக்கில் உங்கள் முகம் தெரியும் படம் இருந்தால்தான் செல்ஃபியால் பயன். வெறும் சேலைப் படங்கள் என்றால் ஒப்பிட எதுவும் இல்லை. ஹேக்கர் போட்ட ஒட்டுப் படத்தை உங்கள் படமாக எண்ணிக்கொள்ளாதீர்கள். உங்கள் முகம் தெரியும் படமே இல்லை என்றால் வேறு வழி: கணக்கு தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் அல்லது செல்பேசி எண், அப்போது பயன்படுத்திய கருவி எது என்று கேட்பார்கள். இன்றைய எண்ணை அல்ல, அன்று கொடுத்த எண்ணைச் சொல்லுங்கள். தம்பியின் போனில் தொடங்கியிருந்தால் அந்தப் போனைத்தான் சொல்ல வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

படத்தை நீக்க இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் நிறுவனம் தன் சொந்த விதிகளின்படிதான் பார்க்கும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனம் நியமித்திருக்கும் குறைதீர் அதிகாரிக்கு எழுதினால்தான் சட்டத்தின் கெடு ஓடத் தொடங்கும். உருமாற்றிய ஆபாசப் படம், ஆள்மாறாட்டம் இரண்டும் விதி 3(2)(b)-இல் வருகின்றன. புகார் வந்ததும் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றுதான் 2021-இல் அந்த விதி வந்தது; 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. உங்கள் சார்பில் வேறொருவரும் எழுதலாம். விதியின் எண்ணைக் குறிப்பிடுங்கள். கணக்கின் பெயர் மட்டும் போதாது, அந்தப் பதிவின் இணைப்பையே ஒட்டுங்கள். தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், ஹேக்கர் கணக்கின் பெயரை மாற்றிவிடலாம். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே போகலாம்.

தோழிகளைக் கூட்டி 200 ரிப்போர்ட் போடச் சொல்லாதீர்கள். உங்கள் கணக்கே முடக்கப்படலாம், பிறகு மீட்பது இன்னும் கடினமாகும்.

மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி, 67 பிரிவுகள் பொருந்தும். காவல் நிலையத்தில் அலைக்கழித்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். நீக்கிய பதிவை விசாரணைக்காக நிறுவனம் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், அதற்குள் போலீஸ் கேட்டாக வேண்டும். பணம் அனுப்பி ஏமாந்த வாடிக்கையாளர்கள் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கட்டும். தாமதமானால் பணம் கைமாறிவிடும்.

இத்தனை படிகளும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழுவது அநியாயம். பழைய மின்னஞ்சலிலிருந்து 'என் கணக்கு பறிபோனது' என்று ஒருவர் சொன்ன நிமிடமே, உரிமை உறுதியாகும்வரை பதிவையும் செய்தியையும் நிறுவனம் நிறுத்திவைக்க வேண்டும். விளம்பரக் கட்டணம் வரவில்லை என்றால் உடனே நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை இல்லை.

கணக்கு கைக்கு வந்ததும், செட்டிங்ஸில் உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டரில் ஹேக்கர் சேர்த்த மின்னஞ்சல், எண், இருபடிச் சரிபார்ப்புச் செயலி, லாகின் ஆகியிருக்கும் பிற கருவிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு விட்டால், மறுநாளே அதே வழியில் உள்ளே வருவார்கள்.